காயப்போட்ட புத்தகங்கள்

இதழ் இந்த முறையும் தாமதம். சந்தா கட்டிய தோழர்கள் சிலர் கோபித்துக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். சிலர் நேரில் வந்தே திட்டிவிட்டுப் போனார்கள். வழக்கமாகக் காகித விலை, அச்சுக்கூலி என்று காரணம் சொல்வோம். இந்த முறை அது இல்லை. தலையங்கத்துக்கென்று எழுதி வைத்திருந்த இடஒதுக்கீட்டுக் கட்டுரையை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, குழந்தைகள் படிக்கிற புத்தகங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். அதில் நாள் ஓடிவிட்டது. 'இயக்கப் பத்திரிகையில பாப்பா புத்தகமா தோழர்?' என்று ஒருவர் கேட்டார். முழுசாகப் படித்துவிட்டு அவர் மறுபடியும் கேட்கட்டும்.

2024 அக்டோபர் 25. அன்றைய மழை செல்லூர்க்காரர்களுக்கு மறக்காது. பந்தல்குடிக் கால்வாய் பொங்கி, கண்மாய்த் தண்ணீர் தெருவுக்குள் வந்துவிட்டது. தறிக்குழிக்குள் தண்ணி, அடுப்படிக்குள் தண்ணி. நாங்கள் நடத்துகிற மாலைநேரப் படிப்பகத்தின் தகர அலமாரியில் கீழ் மூன்று தட்டும் முங்கிப்போயின. சின்னப் பிள்ளைகளுக்குக் கீழ்த்தட்டுதானே எட்டும் என்று அவர்களுடைய புத்தகங்களை அங்கேதான் அடுக்கியிருந்தோம். மேல்தட்டில் எங்கள் மார்க்சும் ஃபூக்கோவும் கிராம்சியும் ஒரு சொட்டுப் படாமல் பத்திரமாக இருந்தார்கள்.

தண்ணீர் வடிந்த பிறகு, பக்கத்துத் தறிக்கூடத்துக்காரர் சாயம் போட்ட நூலைக் காயப்போடும் கம்புகளைத் தந்தார். பிள்ளைகள் புத்தகங்களை அதில் தொங்கப்போட்டார்கள். நனைந்த புத்தகத்தைக் காயவைப்பது சும்மா இல்லை. பக்கம் பக்கமாகப் பிரித்து, நடுவே பழைய பேப்பரைச் செருகி, அதை மாற்றி மாற்றி வைக்க வேண்டும். வழவழப்புத் தாளாக இருந்தால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு பாளம் மாதிரி ஆகிவிடும். இப்படி ஒரு ஞாயிறு முழுக்க உட்கார்ந்து பிரித்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. நம் பிள்ளைகளுக்கு என்ன புத்தகம் கொடுத்திருக்கிறோம் என்று நான் முதன்முதலாகப் பார்த்தது அன்றைக்குத்தான். அதுவரை வாங்கியிருக்கிறேன், நன்கொடை பெற்றிருக்கிறேன், லேபிள் ஒட்டியிருக்கிறேன். படித்ததில்லை.

ஒரு ஊரில் ஒரு ராசா. ஒரு ஊரில் ஓர் ஏழைப் பிராமணர். ஒரு ஊரில் ஒரு வணிகன், அவனுக்கு மூன்று பிள்ளைகள். ராசா முட்டாளாக இருந்தாலும் கடைசியில் நல்லவர், மந்திரி கெட்டிக்காரர், பிராமணர் ஏழையாக இருந்தாலும் சத்தியவான். உழைக்கிறவன் கதைக்குள் வந்தால் ஒன்று பேராசைக்காரன், இல்லையென்றால் அடிமுட்டாள். திருடன் கறுப்பாக இருப்பான், அரக்கனும் கறுப்பு. குடிசை வந்தால் குடிகாரன் வருவான். இது ஏதோ ஒரு பத்திரிகையின் குற்றமில்லை. 1947-லிருந்து 'அம்புலிமாமா' படித்து வளர்ந்த தலைமுறைகளில் நானும் உண்டு. வேதாளம் முருங்கைமரம் ஏறுவதை வாய்பிளந்து படித்தவன்தான். அந்தச் சந்தோஷத்தை இப்போது போய் மறுக்கமாட்டேன். ஆனால் ரசித்துப் படித்த கதைகளுக்குள்தான் யார் சொல்ல வேண்டும், யார் கேட்க வேண்டும் என்ற வரிசையும் இருந்தது. பாடப்புத்தகத்தை நாம் சந்தேகத்தோடு பார்ப்போம். கதைப்புத்தகத்தை அப்படிப் பார்ப்பதில்லை. அதனால் அது இன்னும் ஆழமாக இறங்குகிறது.

இந்த ஆராய்ச்சியோடு நிறுத்தியிருந்தால் இதுவும் வழக்கமான ஒரு கட்டுரைதான். நடந்தது வேறு. என்னோடு உட்கார்ந்து பக்கம் பிரித்துக்கொண்டிருந்த எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து, 'இத காயப்போட வேணாம்ண்ணே' என்றாள். ஏன் என்றேன். 'இதாலதான் அவன் வர்றதில்ல.'

அவன் என்று அவள் சொன்னது ஆறு மாதமாக வராமல் நின்றுபோன ஒரு பையனை. அவனுடைய அம்மா ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். வேலைக்குப் போகிறானாக்கும், கிரிக்கெட்டாக்கும் என்று நாங்களே ஒரு காரணத்தை வைத்துக்கொண்டு விட்டுவிட்டோம். புத்தகத்தை வாங்கிப் பார்த்தேன். சுத்தத்தைப் பற்றிய கதை. தெருக் கூட்டுகிறவர் ஒருவர் வருகிறார். கறுப்பு உடம்பு, சிவந்த கண், வாயில் பீடி. பங்களா வீட்டுப் பையன் அவருக்குச் சோப்புப் போட்டுக் குளிக்கக் கற்றுக்கொடுக்கிறான். அவரும் திருந்தி, கும்பிட்டுவிட்டுப் போகிறார். எங்கள் பிள்ளைகள் இதை வட்டமாக உட்கார்ந்து சத்தம் போட்டுப் படித்திருக்கிறார்கள். அன்றிலிருந்து அந்தப் பாத்திரத்தின் பெயரே அவனுக்குப் பட்டப்பெயராகிவிட்டது. கூப்பிட்டது எவனோ சாதி இந்து வீட்டுப் பிள்ளை இல்லை. நம் பிள்ளைகள். சேரிக்குள்ளேயே இன்னொரு சேரி இருக்கிறதே, அந்தக் கணக்கு ஒன்பது வயதிலேயே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்தப் புத்தகத்தை வாங்கியவன் நான். தமுக்கத்தில் புத்தகத் திருவிழா முடிகிற நாள், கட்டுக்கட்டாகத் தள்ளுபடியில் போட்டிருந்தார்கள். படம் நன்றாக இருக்கிறது, விலை மலிவு என்று அள்ளிக்கொண்டு வந்தேன். அட்டையைப் பார்த்து வாங்கினவன் நான், அதற்கு விலை கொடுத்தது அந்தப் பையன். பதிப்பாளரைத் திட்டி ஒரு பக்கம் எழுத எனக்கும் வரும். அதை இங்கே செய்யப்போவதில்லை.

இதைத் தோழர்கள் மத்தியில் பேசியபோது இரண்டு பேச்சு வந்தது. ஒன்று, 'குழந்தைகள்கிட்ட சாதியைக் கொண்டுபோகாதீங்க, அதுக பாட்டுக்கு இருக்கட்டும்' என்பது. பாரதியின் பாப்பா பாட்டுத் தெரியாத பள்ளிக்கூடம் தமிழ்நாட்டில் கிடையாது. சாதி இல்லையென்று பாப்பாவுக்குச் சொல்கிற பாட்டு. நானும் கைதட்டிப் பாடியிருக்கிறேன். நாங்கள் படித்த காலத்துப் பாடப்புத்தகங்களின் முன்பக்கத்தில் தீண்டாமை பாவம், குற்றம், மனிதத்தன்மையற்றது என்று அச்சடித்திருக்கும். அந்த ஒரு பக்கத்தைத் திருப்பிவிட்டால் மிச்சப் புத்தகம் முழுக்கத் தீண்டாமையைப் பற்றிப் பேச்சே இருக்காது. யார் யாரைத் தீண்டவில்லை, எப்போதிலிருந்து, ஏன் என்று ஒரு வரி கிடையாது. சாதி இல்லை என்று சொல்லி வளர்க்கப்பட்ட பிள்ளைக்கு, சாதி வந்து முகத்தில் அறையும்போது சொல்வதற்கு ஒரு சொல்கூட இருப்பதில்லை. தன்னிடம்தான் ஏதோ தப்பு என்று நினைத்துக்கொள்ளும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவனை வீடு புகுந்து அரிவாளால் வெட்டியவர்கள் அவனோடு படித்த பிள்ளைகள்தான். வெட்டியவர்களும் வெட்டுப்பட்டவனும் படித்தது ஒரே பாடப்புத்தகம். அதன்பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கையில் கட்டும் வண்ணக் கயிறு, நெற்றியில் வைக்கும் அடையாளம் வரை அதில் பேசப்பட்டிருக்கிறது. கயிறு கட்டிக்கொண்டு பள்ளிக்கு வருகிற பிள்ளையிடம் நாம் சாதியைக் கொண்டுபோக வேண்டியதில்லை, அது ஏற்கனவே அங்கே இருக்கிறது.

இரண்டாவது பேச்சு நம்மாட்களுடையது. 'கதையெல்லாம் எதுக்கு? அம்பேத்கரைக் குடு, பெரியாரைக் குடு, மேலவளவைச் சொல்லு.' படிப்பகச் சுவரில் மேலவளவுப் படம் இருக்கிறது. 1997 ஜூன் 30 அன்று பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களுமாக ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நம் ஊரிலிருந்து ஒரு மணிநேரப் பஸ் பயணத்தில் இருக்கிற கிராமம். அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஏழு வயதுக்கா? எப்படி? ஒரு நாள் ஒரு தோழர் ஆவேசமாக எல்லாவற்றையும் விவரித்துவிட்டுப் போக, அன்று ராத்திரி ஒரு குழந்தை தூங்கவில்லை என்று அதன் அம்மா வந்து சொன்னார். அப்போது நாங்கள் அதைப் பெரிசாக எடுத்துக்கொள்ளவில்லை.

இதே சிக்கல் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் டுபாய்சுக்கு நூறு வருசத்துக்கு முன்னாலேயே வந்திருக்கிறது. அவர் நடத்திய 'கிரைசிஸ்' இதழில் கறுப்பர்களை அடித்தும் எரித்தும் கொன்ற செய்திகள் மாதாமாதம் வரும். வராமல் இருக்க முடியாது. அதைப் படித்த ஒரு சிறுமி தன் இனத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள ஆசைப்படுவதாகவும், வெள்ளைக்காரர்கள் தன்னை எவ்வளவு வெறுக்கிறார்களோ அவ்வளவு தானும் அவர்களை வெறுப்பதாகவும் அவருக்கு எழுதினாள். டுபாய்ஸ் ஆடிப்போனார். உண்மையை மறைக்கவும் முடியாது, வெறுப்பை மட்டும் ஊட்டி வளர்க்கவும் முடியாது. அதன் விளைவாக 1920 ஜனவரியில் கறுப்பினக் குழந்தைகளுக்கென்றே 'தி பிரவுனீஸ் புக்' என்ற மாத இதழைத் தொடங்கினார். கறுப்புக் குழந்தைகளின் புகைப்படங்கள், கதைகள், பாட்டு, விளையாட்டு, கறுப்பின முன்னோடிகளின் வரலாறு எல்லாம் அதில் வந்தன. பின்னாளில் பெரிய கவிஞரான லாங்ஸ்டன் ஹியூசின் ஆரம்ப எழுத்துகள் அதில்தான் அச்சேறின. பணம் கட்டுப்படியாகாமல் 1921 டிசம்பரோடு நின்றுபோனது. இருபத்து நாலே இதழ்.

நம் பக்கம் பார்ப்போம். 1990களில் தொடங்கி எத்தனை சிறுபத்திரிகை நடத்தினோம்! கவிதை, நாவல், தன்வரலாறு, கோட்பாடு, அதற்கு மறுப்பு, மறுப்புக்கு மறுப்பு. நானும் அதில் மூன்று கவிதைத் தொகுப்புக் கணக்கு. நம் குழந்தைகளுக்கென்று எழுதியதைக் கைவிரலில் எண்ணிவிடலாம். குழந்தைக் கவிஞர் என்று பெயரெடுத்த அழ. வள்ளியப்பாவும் என்னைப் போல வங்கி ஊழியர்தான், இந்தியன் வங்கி. கணக்கு எழுதிய கையாலேயே வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளுக்கு எழுதினார். 1950-ல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையே தொடங்கியவர். அவர் பாட்டில் நம் தெரு இல்லை என்று குறைசொல்ல எனக்கு வாய் வரவில்லை. நம் தெருவை எழுத வேண்டிய நாம் என்ன செய்துகொண்டிருந்தோம்?

சரி, இனி வாங்க வேண்டியவை. இது முழுப்பட்டியல் இல்லை. நான் உட்கார்ந்து படித்தவை, பிள்ளைகளோடு படித்துப் பார்த்தவை, பார்க்கப்போகிறவை.

முதலில் அம்பேத்கர். ஆனால் 'சட்டமேதை', 'அண்ணல்' என்று சிலையாக நிற்கிற அம்பேத்கர் இல்லை, பத்து வயசுப் பையன் அம்பேத்கர். 'விசாவுக்காகக் காத்திருத்தல்' என்ற சிறு நூலில் அவரே எழுதியிருக்கிறார். 1901-ஆம் வருசம். அப்பா கோரேகானில் காசாளர் வேலை. கோடை விடுமுறைக்கு வரச்சொல்லிக் கடிதம் போடுகிறார். அண்ணனும் அக்கா பிள்ளைகளுமாகச் சேர்ந்து சின்னப்பிள்ளைகளாகவே சாத்தாராவிலிருந்து ரயில் ஏறுகிறார்கள். புதுச்சட்டை, சரிகைத் தொப்பி, புதுச் செருப்பு, பட்டுக்கரை வேட்டி. மசூர் ஸ்டேஷனில் இறங்கினால் கூட்டிப்போக ஆள் வரவில்லை. ஸ்டேஷன் மாஸ்டர் அன்பாக வந்து விசாரிக்கிறார். மகர் பிள்ளைகள் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறுகிறது. வண்டிக்காரர்கள் வரமாட்டோம் என்கிறார்கள். கடைசியில் இரட்டைக் கூலி கொடுத்து, பிள்ளைகளே மாட்டை ஓட்ட, வண்டிக்காரன் கூடவே நடந்து வருவதென்று ஏற்பாடாகிறது. கையில் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. சாப்பிடாமலே ராத்திரியைக் கழிக்கிறார்கள்.

இதை நான் வாசித்துக் காட்டியபோது ஒரு சத்தமில்லை. கொள்ளைக்காரன் வருவானோ என்று இருட்டில் பயந்துகொண்டு பிள்ளைகள் வண்டியில் இருக்கிறார்கள் என்பது எந்த வேதாளக் கதைக்கும் குறைந்ததா? முடித்ததும் ஒரு பயல் கேட்டான், 'புதுச்சட்டை போட்டிருந்துமா?' அந்தக் கேள்விக்கு அப்புறம் நான் தனியாக விளக்கம் எதுவும் சொல்லவில்லை. இதே அனுபவங்களை வைத்து பர்தான் கோண்டு ஓவியர்களான துர்காபாய் வியாமும் சுபாஷ் வியாமும் வரைந்த 'பீமாயணம்' சித்திரப் புத்தகம் 2011-ல் ஆங்கிலத்தில் வெளிவந்தது, தமிழிலும் இருக்கிறது. விலை கொஞ்சம் கூடத்தான். நாலு தெருச் சேர்ந்து ஒரு பிரதி வாங்குங்கள். தாகத்துக்கு அவர்கள் மீனை வரைந்திருக்கிற விதத்தைப் பிள்ளைகள் நம்மைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது நம் ரெட்டமலை சீனிவாசன். 1939-ல் வந்த 'ஜீவிய சரித்திர சுருக்கம்' பெயருக்கேற்பச் சின்னப் புத்தகம். வட்டமேசை மாநாட்டுக்குப் போனவர் என்று பொதுஅறிவு வினாவிடையில் ஒரு மார்க்குக்கு அவரைப் படிக்கிறோம். அவர் கோயம்புத்தூரில் படித்த நாட்களைப் பற்றி எழுதியிருப்பதைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுங்கள். சுமார் நானூறு பேரில் பத்துப்பேர் தவிர எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். தன் சாதியும் வீடும் தெரிந்துவிடுமே என்று பயந்து, பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்து, மணி அடித்த பிறகுதான் உள்ளே போவாராம். விட்டதும் யாரும் எட்டிப்பிடிக்காதபடி வேகமாக வீட்டுக்கு நடப்பாராம். கூடி விளையாட முடியவில்லையே என்று கலங்கியிருக்கிறார். 1893-ல் 'பறையன்' என்று பத்திரிகைக்கே பெயர் வைத்த மனுசன் ஒரு காலத்தில் இப்படி ஒளிந்து நடந்த பையன். ஒளிந்து நடக்கிற பையன்கள் இன்றைக்கும் இருக்கிறார்கள். காலேஜ் ஹாஸ்டலில் ஊர் கேட்டால் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்கிற மாணவத் தோழர்களுக்கும் சேர்த்துத்தான் இதைச் சொல்கிறேன்.

திருக்குறள் மனப்பாடப் போட்டி வைக்கிறவர்கள், ஓலைச்சுவடி அச்சுக்குப் போன கதையையும் சேர்த்துச் சொல்லலாம். தன் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் துரையிடம் பட்லராக இருந்தவர், அவர்தான் குறள் சுவடிகளை எல்லிஸ் கைக்குக் கிடைக்கச் செய்தார் என்று அயோத்திதாசர் எழுதியிருக்கிறார். குறள் சொல்லிப் பரிசு வாங்குகிற நம் பிள்ளைக்கு இது தெரிய வேண்டாமா?

முக்தா சால்வே பற்றித் தமிழில் ஒரு சிறுவர் நூலாவது வேண்டும். ஜோதிராவ், சாவித்திரிபாய் பூலே நடத்திய பள்ளியில் படித்த மாங் சாதிப் பெண். மகர்களுக்கும் கீழே என்று வைக்கப்பட்ட சாதி. 1855-ல், பதினாலு வயசில், மாங் மகர் மக்களின் துயரத்தைப் பற்றி அவள் எழுதிய கட்டுரை 'ஞானோதயா' பத்திரிகையில் வெளிவந்தது. வேதம் படிக்க எங்களுக்கு உரிமையில்லை என்றால் எங்களுக்கு மதமே இல்லை என்றுதானே அர்த்தம் என்று தர்க்கம் பண்ணியிருக்கிறாள். நம் கோட்பாட்டாளர்கள் பலருக்கு முன்னாலேயே ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை இதைக் கேட்டுவிட்டாள். கடைசித் தட்டில் இருந்து எழுந்த குரல் என்பதால் எங்கள் படிப்பகத்துக்கு அவள் முக்கியம். ஏனென்று முன்னாலேயே சொல்லிவிட்டேன்.

பாமாவின் 'கருக்கு' 1992-ல் மதுரையிலிருந்துதான் வெளிவந்தது. பெரிய பிள்ளைகள் முழுசாகப் படிக்கட்டும். சின்னவர்களுக்கு அந்த வடைப் பொட்டலப் பகுதி போதும். பெரியவர் ஒருவர் பொட்டலத்தைத் தொடாமல் நூலைப் பிடித்துத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வருகிற சின்னப்பெண், ஏன் அப்படி என்று அண்ணன் சொன்னதும் சிரிப்பை நிறுத்துகிறாள். ஆனால் இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பிள்ளைகளில் ஒருத்தி இரண்டு வாரம் இப்படியே வாசித்த பிறகு கேட்டாள்: 'எல்லாக் கதையிலயும் நம்மாளு அழுதுக்கிட்டேதான் இருப்பாகளா?' அவளுக்கு 'கிசும்புக்காரன்' கதைகளைக் கொடுத்தேன். 1996-ல் வந்த தொகுப்பு. அதில் 'அண்ணாச்சி' என்று ஒரு கதை. அம்மாசி என்கிற இளவட்டம் பண்ணையாரை அண்ணாச்சி என்று கூப்பிட்டுவிட, ஊரே கிடுகிடுத்துப்போகும். ஒரு முறைப்பெயர் போதும் ஊரைக் கலக்க! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். கலகம் என்பதைச் சிரிக்கத் தெரிந்தவர்களிடம்தான் கற்க வேண்டும். நம் கூட்டங்களில் யாரும் சிரிப்பதில்லை.

இதனாலேயே முத்து காமிக்சைத் தடை செய்ய வேண்டும் என்ற யோசனையை நான் ஏற்கவில்லை. 1972-லிருந்து சிவகாசியிலிருந்து வந்த இரும்புக்கை மாயாவியைப் படித்துத்தான் எங்கள் தெருவில் பலருக்கு எழுத்துக்கூட்டவே வந்தது. படிக்கட்டும்.

காஞ்சா அய்லய்யாவின் 'பானை செய்வோம், பயிர் செய்வோம்' ஒவ்வொரு வீட்டிலும் இருக்க வேண்டிய புத்தகம். ஆதிவாசிகள், மாடு மேய்ப்பவர், தோல் தொழிலாளர், குயவர், நெசவாளர், சலவைத் தொழிலாளர், நாவிதர் என்று ஒவ்வொரு வேலைக்குள்ளும் எவ்வளவு அறிவியல் இருக்கிறதென்று பிள்ளைகளுக்குச் சொல்கிறது. பச்சைத்தோலை அழுகாமல் பதப்படுத்துவது ரசாயனம், உவர்மண்ணில் அழுக்கு எடுப்பது ரசாயனம். செல்லூரில் தறிச்சத்தம் கேட்டுத் தூங்குகிற பிள்ளைக்கு, பாவும் ஊடையும் கணக்கு என்று யாராவது சொல்லிக்கொடுத்திருக்கிறோமா? நான் தூக்கிப்போட்ட அந்தச் சுத்தக் கதைக்கு நேர் எதிரான புத்தகம் இது. அழுக்கு செய்கிறவன் யார், அதை எடுக்கிறவன் யார் என்று இதைப் படித்த பிள்ளை கேட்கும்.

மகாஸ்வேதா தேவி எழுதிய மொய்னாவின் கதையைச் சென்னை தூலிகா பதிப்பகம் போட்டிருக்கிறது. ஆடு மேய்க்கிற சபர் பழங்குடிப் பெண், எதற்கெடுத்தாலும் ஏன் ஏன் என்பாள். பண்ணைக்காரர் வீட்டு மிச்சச் சோற்றுக்கு நான் ஏன் நன்றி சொல்லணும் என்று கேட்பாள். மூன்றாம் வகுப்புக்கே போதும்.

'டோட்டோ-சான்' நிறையப் பேருக்குத் தெரியும். நேஷனல் புக் டிரஸ்ட் தமிழில் மலிவாகவே கொண்டுவந்தது. ரயில்பெட்டிப் பள்ளிக்கூடம், கோபயாஷி வாத்தியார் என்று எல்லாரும் புகழ்வார்கள். ஆசிரியர் பயிற்சியில்கூடச் சொல்கிறார்கள். அதிலுள்ள மசாவோ-சான் அத்தியாயத்தை யாரும் பேசிக் கேட்டதில்லை. ஜப்பானில் வாழ்கிற கொரியப் பையன். ஒருநாள் டோட்டோ-சானைப் பார்த்து 'கொரியாக்காரி' என்று வெறுப்போடு கத்துகிறான். அவள் கொரியாக்காரி இல்லையே? வீட்டில் வந்து சொல்கிறாள். அம்மா கண்கலங்கி விளக்குகிறார்: எல்லாரும் அவனை அந்தச் சொல்லால்தான் ஏசியிருப்பார்கள், அதனால் அதையே ஒரு வசைச்சொல் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். தன் பெயரையே வசையாகக் கற்றுக்கொண்ட பிள்ளை! இந்த அத்தியாயத்தை நான் அந்தப் பட்டப்பெயர் விவகாரத்துக்குப் பிறகு எங்கள் பிள்ளைகளுக்கு வாசித்தேன். எந்தச் சாதிப் பெயர்களையெல்லாம் நாம் வசவாகப் புழங்குகிறோம் என்று அவர்களே சொல்ல ஆரம்பித்தார்கள். கரும்பலகை போதவில்லை. அதில் சிலவற்றை நானும் சொல்லியிருக்கிறேன், சண்டையில் இல்லை, வேடிக்கைக்கு.

ஐத்மாத்தவின் 'முதல் ஆசிரியர்' பத்தாம் வகுப்புக்கு மேல் உள்ளவர்களுக்கு. சரியாக எழுதக்கூடத் தெரியாத தூய்ஷேன், மலைக்கிராமத்தில் குதிரைக்கொட்டடியைப் பள்ளிக்கூடமாக்கி, குளிர்கிற ஓடையில் பிள்ளைகளைத் தோளில் சுமந்து கடத்துகிறான். குதிரையில் போகிறவர்கள் பார்த்துச் சிரிக்கிறார்கள். மாலைநேர வகுப்பு எடுக்கிற மாணவத் தோழர்கள் இதைப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் தாங்கள் படிக்கவும். கூடவே இத்தாலியின் பார்பியானா பள்ளியில் தோற்கடிக்கப்பட்ட எட்டுப் பையன்கள் சேர்ந்து எழுதி 1967-ல் வந்த கடிதத்தையும். 'எங்களை ஏன் டீச்சர் பெயிலாக்கினீங்க' என்று தமிழில் கிடைக்கிறது.

அரசுப் பள்ளிகளில் வாசிப்பு இயக்கம் என்று 'நுழை, நட, ஓடு, பற' வரிசையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். சில கதைகள் நன்றாகவே இருக்கின்றன. பீரோவுக்குள் வைத்துப் பூட்டாமல் பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்களா என்று போய்ப் பாருங்கள். நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் குழந்தைகளுக்கென்று பெரிய பகுதியே இருக்கிறது. எங்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போனோம். குளிர்சாதன அறைக்குள் செருப்போடு போகலாமா என்று வாசலிலேயே நின்றார்கள். உள்ளே போன பிறகு வெளியே இழுக்கத்தான் பாடாகிவிட்டது.

அந்தப் பையன் வீட்டுக்குப் போனேன். போக எனக்கு மூன்று வாரம் ஆனது. அம்மா வேலைக்குப் போயிருந்தார், அப்பத்தா இருந்தார். அவன் கதவுக்குப் பின்னாலேயே நின்றான். மன்னிப்பு என்ற சொல் மேடையில் வருகிற மாதிரி அங்கே வரவில்லை. 'அந்தப் புத்தகத்த எடுத்துட்டோம்டா' என்றேன். 'அது நனைஞ்சுருச்சுன்னு எடுத்தீங்களா, வேணாம்னு எடுத்தீங்களா?' என்று கேட்டான். வேண்டாமென்றுதான் என்றேன். அவன் நம்பினானா என்று தெரியவில்லை.

பேச்சை மாற்ற, கையிலிருந்த மதுரைவீரன் கதைப் புத்தகத்தைக் காட்டினேன். சின்னப் பதிப்பு, புது மண்டபத்தில் கடைகள் இருந்த காலத்தில் வாங்கியது. காசி ராசாவுக்குப் பிறந்த பிள்ளை, கழுத்தில் கொடி சுற்றிப் பிறந்ததால் காட்டில் விடப்பட்டு, சக்கிலியர் வீட்டில் வளர்ந்ததாகத்தான் அதிலும் இருந்தது. வாங்கிப் புரட்டியவன் நிமிர்ந்து, 'காசி ராசா மகனா? எங்க அப்பத்தா அப்படிச் சொல்லலயே' என்றான். உள்ளே இருந்து கிழவி குரல் கொடுத்தார்: 'எவன் சொன்னது ராசா மகன்னு? அவன் நம்ம பிள்ளடா. நம்ம வீட்டுல பொறந்தவன்.' அப்புறம் வெளியே வந்து உட்கார்ந்து, பொம்மியைத் தூக்கியதிலிருந்து மாறுகால் மாறுகை வாங்கியது வரைக்கும் சொன்னார். இடையிடையே பாட்டு. 1956-ல் வந்த எம்.ஜி.ஆர். படம் எங்கெங்கே பொய் என்றும் சேர்த்துச் சொன்னார். மீனாட்சி கோயில் கிழக்கு வாசலில் இருக்கிறவரை ராசா வீட்டுப் பிள்ளையாக்கிவிட்டால் எல்லாரும் கும்பிடலாம் அல்லவா? வீரம் வேண்டும், பிறப்பு வேண்டாம். இதையெல்லாம் நான் கட்டுரைகளில் எழுதியிருக்கிறேன். எனக்கு நாற்பது பக்கம் பிடித்ததை அந்தக் கிழவி ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

மறுவாரம் இரண்டு பிள்ளைகள் போய் அப்பத்தா சொல்லச் சொல்ல எழுதினார்கள். படம் அந்தப் பையன் போட்டான். குதிரை சரியாக வரவில்லையென்று நாலு தடவை கிழித்தான். எட்டுப் பக்கம், ஜெராக்ஸ் எடுத்து நடுவில் பின் அடித்தது. புதுத் தட்டில் முதலில் வைத்த புத்தகம் அதுதான். தட்டைத் தரையிலிருந்து நாலடி உயரத்தில் அடித்திருக்கிறோம். சின்னப்பிள்ளைகள் ஏற ஒரு ஸ்டூலும் போட்டிருக்கிறோம். அவன் இன்னும் தினமும் வருவதில்லை. செவ்வாயும் வெள்ளியும் வருகிறான். புதிதாக வருகிற எந்தப் புத்தகமும் அவனும் அந்த எட்டாம் வகுப்புப் பிள்ளையும் படித்த பிறகுதான் தட்டுக்குப் போகும் என்று ஏற்பாடு. இதுவரை நான் கொண்டுபோனதில் மூன்றைத் திருப்பிவிட்டார்கள். அதில் ஒன்று நான் எழுதிய சிறுவர் பாட்டு. சந்தம் இருக்கிறது, விஷயம் இல்லை என்பது தீர்ப்பு.

உங்கள் ஊர் அப்பத்தாக்கள், அம்மாச்சிகள் சொல்கிற கதைகளை எழுதி அனுப்புங்கள், அடுத்த இதழிலிருந்து நாலு பக்கம் பிள்ளைகளுக்கு ஒதுக்கியிருக்கிறோம். படிப்பகத்துக்குப் பழைய புத்தகம் அனுப்ப விரும்பும் தோழர்கள் தயவுசெய்து தாங்கள் ஒருமுறை படித்துவிட்டு அனுப்பவும்.